பாற்காடி

பிள்ளை வரைந்த படத்தை வீட்டில் மாட்டுவதற்கு ஓர் ஆணி போதும், ஆணிகூட வேண்டாம், நாலு சோற்றுப் பருக்கை போதும் என்று சொல்கிறவள் நான். இதை என் அக்கா வாசுகியிடம் சொன்னபோது, "உனக்குப் பிள்ளையா குட்டியா, பேசாம இரு வேணி" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். அதோடு நான் அடங்கிப் போனேன் என்று நினைக்க வேண்டாம். அடங்குகிற வாய் இல்லை இது.

அப்போதெல்லாம் எங்கள் ஊரான கிள்ளானில் பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாம் மலர்ச்சுவர் ஒட்டியிருந்தார்கள். கூடத்துச் சுவர் முழுக்க ஒட்டுகிற மெல்லிய திரை அது. பிள்ளை விரலாலேயே அதில் வரையலாம், எழுதலாம். சுவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய படம் புதுப் படம் எல்லாவற்றையும் தானாக அடுக்கி மாற்றி மாற்றிக் காட்டும். காலையில் பசியாறும்போது மாட்டுக் கொட்டகை, சாயங்காலம் மழை, விருந்தாளி வந்தால் மயில். அக்கா வேலை செய்யும் தமிழ்ப்பள்ளியிலும் அதே கம்பெனிச் சுவர்தான். பிள்ளைகள் காகிதத்தைத் தொட்டே வெகுநாள் ஆகிவிட்டது.

அக்காவுக்கு ஒரே பிள்ளை, பொற்கொடி. ஏழு வயது. என்னைக் கண்டால் "சித்தி" என்று காலைக் கட்டிக்கொள்ளும், பிறகு என் கைப்பையைக் குடையும். ஓயாமல் வரையும். அவள் வரைந்ததில் அக்காவுக்கு உயிர் ஒரு படம். நடுவில் பொற்கொடி, வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் மஞ்சள் சேலையில் அம்மா. அம்மாவின் தலையில் பெரிய பூ, வாய் காதுவரை சிரிப்பு. கோடு எல்லாம் கோணல்தான், ஆனால் பார்த்தவுடன் இது நம் வாசுகி என்று சொல்லிவிடலாம். பள்ளிக்குக் கிளம்பும் முன் அந்த மஞ்சள் சேலையை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அக்கா கதவைப் பூட்டுவாள். நான் கேலி செய்வேன், அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அத்தான் கதிரேசனுக்குப் பால் வியாபாரம். எங்கள் நாட்டில் வண்டியைக் காடி என்போம். அத்தானுடைய பால் காடி தானாக ஓடும், தானாக நிற்கும். இறங்கி வீடு வீடாகக் கொடுப்பதுதான் அவர் வேலை. துறைமுகச் சாலைத் தூசியெல்லாம் அதன் முதுகில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாளியும் துணியுமாக இறங்கிவிடுவார். காடி பளபளக்காவிட்டால் பால் திரிந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு.

தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு. காடியின் பின்கதவில், தூசியில், விரலால் ஏதோ எழுதியிருந்தது. அத்தான் படித்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

"வாசு! வேணி! இங்க ஓடியாங்க, எம்மவ எழுதியிருக்கிறதப் பாருங்க!"

பாற்காடி என்று எழுதியிருந்தது.

அக்கா ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் அவளுக்குள் இருக்கிற தமிழாசிரியை எழுந்துவிட்டாள். "என்னாங்க, இது பால் காடி இல்லீங்க. பாற்காடி! பாலும் காடியும் சேர்ந்தா லகரம் றகரமாகும். பாற்கடல் மாதிரி. யாரும் சொல்லிக் குடுக்கல, ஏழு வயசுல புணர்ச்சி தானா வந்திருக்கு பாருங்களேன்!"

பொற்கொடி வாசலில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "நான் எம்பேருதானே எழுதினேன்" என்றாள்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "ஆமாம்டி என் ராசாத்தி, இன்னியிலருந்து அதான் உம்பேரு" என்று அத்தான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் காடி முழுதும் கழுவினார், பின்கதவை மட்டும் தொடவில்லை. மழையில் எழுத்து அழிந்தால் தூசி படியும்வரை காத்திருந்து, "பாற்காடி, வந்து கையெழுத்துப் போடு" என்று கூப்பிடுவார். அவளும் வந்து எழுதுவாள், ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி. பால் வாங்குகிற வீட்டுக்கெல்லாம் காட்டிப் பெருமை பேசினார். அக்கா ஆசிரியர் அறையில் சொல்லி எல்லோரையும் அசத்தினாள். பொற்கொடி என்ற பேரே வீட்டில் மறந்துபோயிற்று.

அந்த வருடம் பிள்ளை மேல் புகார் அதிகம். தட்டில் பாதிச் சோற்றை விட்டு எழுந்துவிடுகிறாள், தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுகிறாள், அத்தனை கொழுப்பு என்று அக்கா திட்டுவாள். தலைவாரச் சொன்னால் வலப்பக்கம் மட்டும் வாரிக்கொண்டு வந்து நிற்பாள். இடது கால் செருப்பு இல்லாமல் பள்ளி வரை போய்விட்டாள். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டே இருப்பாள். "நெனப்பெல்லாம் எங்கதான் இருக்கோ" என்பதோடு விட்டுவிட்டோம். நினைப்பு எங்கே இருந்தது என்று சுவரைப் பார்த்தால் தெரிந்ததே. அத்தனை அழகான படங்கள்! அப்படி வரைகிற பிள்ளைக்குச் செருப்பு மறந்தால்தான் என்ன?

தீபாவளி முடிந்து சில நாட்களில், வீட்டு முன் சாக்கடையில் விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டாள். சாக்கடை அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. பட்டப்பகலில், தினமும் நடக்கிற இடத்தில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பெண் டாக்டர் அவளை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரைஞ்சு காட்டும்மா" என்றார்.

பொற்கொடி வரைந்தாள். வட்டத்தின் வலது பாதி மட்டும் இருந்தது. பன்னிரண்டு எண்களும் அந்தப் பாதிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டிருந்தன. "முடிஞ்சுது" என்று டாக்டரிடம் நீட்டினாள்.

அதற்குப் பிறகு தலையைப் படம் எடுத்தார்கள். அந்தப் பெண் டாக்டர், பேர் ரூபிணி, எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். மூளையின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி. அதனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்குத் தெரியவில்லை.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா எதப் பாத்தாலும் அதோட இடது பாதி அவளுக்கு இல்ல. இருட்டாத் தெரியறது இல்லம்மா, இல்லவே இல்ல. அதனால ஏதோ கொறையுதுன்னும் அவளுக்குத் தோணாது."

"ஐயோ டாக்டர், அவ எவ்வளவு அழகா வரைவா தெரியுமா?" அக்கா கைபேசியில் மலர்ச்சுவரைத் திறந்து நீட்டினாள். மாடு, மயில், மஞ்சள் சேலை. "பாருங்க, முழுசா இல்ல? போன வாரம் வரைஞ்சது."

டாக்டர் படங்களையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இது காகிதத்துல வரைஞ்சதா?"

"சுவத்துல."

"இத வச்சு நான் எதையும் சொல்ல முடியாது. எனக்கு ஒண்ணுதான் வேணும். எப்பலேர்ந்து இப்படி? கட்டி மெதுவா வளந்ததுன்னா ஒரு வழி, வேகமா வளந்ததுன்னா வேற வழி. தெரியாம கைய வச்சா பிள்ளைக்கு ஆபத்து. ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. எதையாவது பாதியா எழுதினாளா, பாதியா வரைஞ்சாளா?"

"பாதியா ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "எம்பிள்ளை எழுத்துல கெட்டிக்காரி. பாற்காடின்னு எழுதினவ அவ!"

டாக்டருக்குப் புரியவில்லை. அவர் தமிழ் நன்றாகப் பேசினார், ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. "அப்படின்னா என்னா?" என்றார்.

அத்தான் சொன்னார். அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. காடி, தூசி, புணர்ச்சி, செல்லப்பேர் எல்லாம் சொன்னார். "எழுதிக் காட்டுங்க" என்றார் டாக்டர். அக்கா கடிகாரக் காகிதத்தைத் திருப்பி, ஆசிரியை அல்லவா, மேலே பிள்ளையின் உண்மைப் பேரையும் கீழே அந்தப் பேரையும் கரும்பலகை எழுத்தில் எழுதினாள்.

பொற்கொடி
பாற்காடி

டாக்டர் குனிந்து பார்த்தார். படிக்கத் தெரியாதவர் வடிவத்தை மட்டும்தானே பார்க்க முடியும்? பேனா முனையால் மேல்வரியில் முதல் எழுத்தின் இடப்பக்கம் தொட்டார். அப்புறம் மூன்றாவது எழுத்தின் இடப்பக்கம்.

"இங்க இருக்கிற இந்தச் சுழி கீழ இல்ல. இங்கயும் இல்ல. மத்ததெல்லாம் ஒண்ணுதான். இது என்னா?"

"கொம்பு" என்றாள் அக்கா. "ஒற்றைக்கொம்பு."

நானும் அப்போதுதான் பார்த்தேன். கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் பொ என்பது பா, கொ என்பது கா. பொற்கொடியில் இடப்பக்கத்தை எல்லாம் எடுத்துவிட்டால் பாற்காடி. இலக்கணமும் இல்லை, குறும்பும் இல்லை. எங்கள் பிள்ளை தன் பேரைத்தான் எழுதியிருக்கிறாள், தனக்குத் தெரிந்த அளவுக்கு.

அத்தான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "சொன்னா வாசு. எம்பேருதானே எழுதினேன்னு சொன்னா. நம்ம சிரிச்சோம்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அந்த மனுசன் அழுது நான் பார்த்ததே இல்லை. தினமும் பத்துத் தடவை அந்த நோயின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு முத்தம் கொடுத்திருக்கிறார்.

"தைப்பூசத்துக்கு முன்னாலேர்ந்து" என்று கடைசியில் அவரே சொன்னார்.

"அப்ப இது மெதுவா வளர்றதுதான். எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

"அப்பவே வந்திருந்தா?" என்றார் அத்தான்.

டாக்டர் பேனாவை மூடினார். "இடப்பக்கம் தப்பிச்சிருக்கும்" என்றார்.

மறுநாள் அக்கா மலர்ச்சுவர்க் கம்பெனிக்காரனை வீட்டுக்கு வரவழைத்தாள். சுரேந்திரன் என்று பேர், சின்ன வயசு, மரியாதையான பையன். நான் சண்டைக்குத் தயாராகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவன் சுவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"மெருகு போட்டிருக்கு மேடம். மூலையில சின்ன இலை தெரியுதில்ல, அதான். வாங்கும்போதே போட்டுத்தான் வரும்."

"மெருகுன்னா?"

"பிள்ளைங்க விட்டத நிரப்பும், கோணலாப் போனதக் கொஞ்சம் நிமித்தும். படம் நல்லா இல்லன்னா பெத்தவங்க பாக்கறது இல்ல. அவங்க பாக்கலன்னா பிள்ளை வரையறது இல்ல. அதுக்காகத்தான் பண்ணோம்."

"கோணல் அப்படியேதானேப்பா இருக்கு?" என்றேன் நான். "இத யாரு திருத்தினதுன்னு சொல்லுவா?"

"அது பிள்ளையோட கையக் கத்துக்கும் அக்கா. அவ கோணலாத்தான் போடுவான்னு தெரிஞ்சா அதுவும் கோணலாத்தான் போடும். இல்லன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமே."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

"பிள்ளை போட்டது இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்கு மேடம். மெருக எடுத்தா வந்துடும்." தயங்கினான். "பாக்கணுமா?"

"எடு."

மூலையில் இலை அணைந்தது. பழைய படங்கள் அப்படியே இருந்தன. புதிய படங்களில் ஒவ்வொன்றாக இடது பாதி போயிற்று. மயிலுக்குத் தோகை மட்டும் இருந்தது. மாடுகளுக்குப் பின்கால், வால், பால்மடி எல்லாம் இருந்தன, தலை இல்லை. எத்தனை மாதமாக எங்கள் பிள்ளை தலையில்லாத மாடுகளை வரைந்திருக்கிறாள்! குடும்பப் படம் வந்தது. வலப்பக்கம் பாதி அப்பா. நடுவில் ஒற்றைக் கையோடு பொற்கொடி. அந்தப் பக்கம் வெறும் சுவர்.

"நான் எங்க?" என்றாள் அக்கா.

சுரேந்திரன் இலை இருந்த மூலையைப் பார்த்தான்.

"இதுல நான் இருந்தேன். மஞ்சச் சேலை கட்டியிருந்தேன். தம்பி, இதுல நான் இருந்தேனே!"

"அது மெருகு போட்டது மேடம்" என்றான் அவன். "பழைய படத்துலேர்ந்து உங்கள எடுத்திருக்கும்."

அக்கா சுவரிடம் போய் அந்த வெற்று இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். தினமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட இடம் அது. அந்த இடத்தில் அவளைச் சிரிக்கிற மாதிரி வைத்தது அவள் பிள்ளை இல்லை, சுவர். நான் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். சுரேந்திரன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "எங்க வீட்டுலயும் போட்டுத்தான் இருக்கு. மூணு வயசு பையன்" என்றான், யாரும் கேட்காமலே.

"போயி மொதல்ல அத அணைச்சுப் பாரு" என்றேன். அவனைத் திட்ட அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

கட்டியை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தாள், மாரியாத்தா புண்ணியம். முடியெல்லாம் போய், தையலோடு வீட்டுக்கு வந்தாள். இடப்பக்கம் மட்டும் வரவில்லை. "பழக்கணும். கொஞ்சம் வரலாம், முழுசா வராமலும் போகலாம்" என்றார் டாக்டர் ரூபிணி. அத்தான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாகவே உட்கார்ந்து கதை சொன்னார். தட்டின் இடது ஓரத்தில் சிவப்புக் கயிறு ஒட்டினோம். கயிறு தெரிகிறவரை தலையைத் திருப்பு என்று தினமும் சொல்ல வேண்டும். சில நாள் தெரியும், பல நாள் தெரியாது. யாரும் அவளைப் பாற்காடி என்று கூப்பிடவில்லை. "ஏம்ப்பா அப்படிக் கூப்பிட மாட்டேங்கிற?" என்று அவள் கேட்டதற்கு அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

சுவர் அங்கேயே இருந்தது. வரைய வரைய நல்லது என்று டாக்டர் சொன்னதால் கிழித்துப் போடவில்லை. பாதி மாடு, பாதி வீடு, பாதி அப்பா என்று கூடம் நிறைந்துகொண்டே போயிற்று. அம்மாவையும் வரைந்தாள். ஆனால் எங்கே வரைந்தாலும் பாதிதான். அக்கா சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

அடுத்த தைப்பூசமும் போய், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். பொற்கொடி சுவர் முன்னால் நின்று, "சித்தி, எம்பேரு எழுதறேன் பாரு" என்றாள். விரலை வைத்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

பொற்கொடி என்று வந்தது. இரண்டு கொம்பும் இருந்தன.

"வந்துருச்சு! முருகா, வந்துருச்சு!" அத்தான் அவளைத் தூக்கிச் சுற்றினார். நான் கை தட்டினேன், கண்ணெல்லாம் தண்ணீர். அக்காவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. சுவரின் மூலையைப் பார்த்தேன். சின்ன இலை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. மாடுகளுக்குத் தலை வந்திருந்தது. குடும்பப் படத்தில் மஞ்சள் சேலை.

"யாரு போட்டாக்கா?" என்றேன்.

"நான்தான்."

அத்தான் சுற்றுவதை நிறுத்தினார்.

"நேத்துப் போட்டேன்" என்றாள் அக்கா. "என்னால முடியலங்க. தெனமும் அந்தச் சுவத்துல எம்பிள்ளைக்கு நான் பாதியாத்தான் இருக்கேன். ஒரு ராத்திரி மட்டும் பாத்துட்டு அணைச்சிடலாம்னு போட்டேன். காலையில கை வரல."

எனக்கு அவளை நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

"என்னாப்பா? நான் தப்பா எழுதிட்டேனா?" என்றாள் பொற்கொடி.

அத்தான் பிள்ளையைத் தூக்கியபடியே வாசலுக்கு நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்ததிலிருந்து அவர் காடியைக் கழுவியதே இல்லை. பின்கதவில் தூசி தடியாகப் படிந்திருந்தது. அவளை இறக்கிவிட்டு, அவளுக்கு இடப்பக்கமாகப் போய்க் குந்தினார்.

"இங்க எழுதும்மா. மெதுவா எழுது. அப்பா இந்தப் பக்கம் இருக்கேன்."

அவள் எழுதினாள். பா. அக்காவின் கை என் கையை நெரித்தது. ற். அங்கே நின்றாள். தலையை மெல்ல அப்பா இருந்த பக்கம் திருப்பினாள், கயிற்றைத் தேடுகிற மாதிரி. திருப்பி, தூசியில் ஒரு சின்னச் சுழி போட்டாள். அதன் பக்கத்தில் கா. பிறகு டி.

பாற்கொடி.

ஒரு கொம்பு. வழியில் எங்கோ ஓர் இடத்தில் பிள்ளைக்கு இடப்பக்கம் தெரிந்திருக்கிறது. அத்தான் அந்தச் சுழியைத் தொடாமல், பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்கா என் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். பத்து வருடமாகத் தமிழ்ப் பாடம் எடுக்கிறவள். அவள் விரல் தானாக நீண்டது, பா என்ற எழுத்துக்கு இடப்பக்கம், கொம்பு இல்லாத இடத்துக்கு. தூசிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது.

"சரியாம்மா?" என்றாள் பொற்கொடி.

அக்கா கையை மடக்கிக்கொண்டாள்.

"நீ எழுதினதுதானே?" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."